கொட்டேஷனா, ஜெம்மா, டெண்டரா: அரசுக்குச் சரக்கு போடும் சிறு தொழில்காரருக்கு எந்த வழி?

இரும்பு மேசை, அலமாரி, ரேக் செய்யும் பட்டறை எங்களுடையது. பதினான்கு வருடமாக அரசு அலுவலகங்களுக்கும் சரக்கு போட்டு வருகிறோம். அதனால் புதிதாக உதயம் சான்றிதழ் (குறு, சிறு தொழில் பதிவு) எடுத்தவர்கள், பக்கத்துப் பட்டறைக்காரர்கள், தையல் யூனிட் நடத்தும் பெண்கள் என்று பலரும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். "தெரிந்த ஆபீஸில் கொட்டேஷன் கொடுத்துக்கொண்டே போகட்டுமா? அரசின் இணையச் சந்தையான ஜெம்மில் சேரட்டுமா? நேராக டெண்டரே போட்டுவிடட்டுமா?"

கேட்பவர்களில் பாதிப் பேர் மனதுக்குள் முடிவெடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஒரு பெரிய டெண்டர் பிடித்தால் ஒரே வருடத்தில் நிமிர்ந்துவிடலாம் என்பது அந்த முடிவு. அப்படி நிமிர்ந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் என் கண்ணெதிரே ஷட்டரை இறக்கியவர்கள் யாரும் ஆர்டர் கிடைக்காமல் இறக்கவில்லை. ஆர்டர் கிடைத்து, சரக்கும் போட்டு, பணம் வருகிற வரைக்கும் தாக்குப்பிடிக்க முடியாமல் இறக்கினார்கள். ஆகவே இந்த ஒப்பீட்டில் எந்த வழியில் லாபம் அதிகம் என்பதைப் பின்னால் வைத்துக்கொள்கிறேன். எந்த வழியில் உங்கள் பணம் எத்தனை நாள் முடங்கும் என்பதுதான் முன்னால்.

## எதை வைத்து அளப்பது

ஐந்து கேள்விகள் போதும்.

ஒன்று, கையை விட்டுப் போன பணம் எத்தனை நாளில் திரும்பும். இரண்டு, பணத்தை அவிழ்க்கும் காகிதத்தில் யார் கையெழுத்துப் போட வேண்டும், அவரை உங்களால் நேரில் பார்க்க முடியுமா. மூன்று, உள்ளே நுழைவதற்கே என்ன செலவு: வைப்புத்தொகை, டிஜிட்டல் கையொப்பம், சான்றிதழ்கள், அலைச்சல். நான்கு, போட்டி உங்கள் விலையை எவ்வளவு தூரம் இறக்கும். ஐந்து, ஒரு தடவை சறுக்கினால் என்ன போகும்: அந்த ஆர்டரா, இல்லை அடுத்த இரண்டு வருட வாய்ப்பா.

முதல் கேள்வியைக் கணக்காகவே போட்டுப் பார்த்துவிடலாம். 4,00,000 ரூபாய்க்கு ரேக் ஆர்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தகடும் ஆங்கிளும் 2,60,000. கூலி, கரண்ட் 70,000. வண்டி வாடகை, இறக்குகூலி 18,000. ஆக அடக்கம் 3,48,000, மிச்சம் 52,000. பார்க்க நல்ல ஆர்டர்.

இதில் ஜிஎஸ்டியைச் சேருங்கள். தகடு வாங்கும்போதே 18 விழுக்காடு, அதாவது 46,800 ரூபாய் கொடுத்தாகிவிட்டது. விற்பனை பில்லில் ஜிஎஸ்டி 72,000. உள்ளீட்டு வரியைக் கழித்தால் மீதி 25,200. பில் போட்ட அடுத்த மாதமே இதைக் கட்டியாக வேண்டும். ஆபீஸ் பணம் கொடுத்ததா இல்லையா என்று ஜிஎஸ்டி பார்ப்பதில்லை, பில் தேதியைத்தான் பார்க்கும். ஆக, கையிலிருந்து போனது 3,48,000, 46,800, 25,200 மூன்றும் சேர்ந்து 4,20,000. ஆர்டர் மதிப்பைவிட அதிகம்.

இந்தப் பணம் வங்கி ஓடி (மிகைப்பற்று) கணக்கிலிருந்து 12 விழுக்காட்டில் வந்தது என்றால் மாதம் 4,200 ரூபாய் வட்டி. வெளியில் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கியது என்றால் மாதம் 8,400. ஆறு மாதம் பில் நின்றால் 50,400. லாபம் எவ்வளவு என்று மேலே பாருங்கள்.

இதற்கு மேலும் ஒன்று உண்டு. ஒப்பந்த மதிப்பு இரண்டரை லட்சத்தைத் தாண்டினால், 2018 அக்டோபரிலிருந்து அரசு அலுவலகங்கள் ஜிஎஸ்டியில் 2 விழுக்காடு டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே வரிப் பிடித்தம், செய்கின்றன. நம் கணக்கில் அது 8,000 ரூபாய். அது போய்விடுவதில்லை, உங்கள் ஜிஎஸ்டி ரொக்கப் பேரேட்டுக்கு வந்து சேரும். ஆனால் அந்த அலுவலகம் தன் டிடிஎஸ் ரிட்டர்னைத் தாக்கல் செய்த பிறகுதான் வரும். பில் பாஸான கையோடு இதையும் கேட்டு வாங்குங்கள். பலர் இதை மறந்தே போகிறார்கள்.

## வழி 1: உள்ளூர் கொட்டேஷன்

சின்னத் தேவைக்கு டெண்டர் போட்டுக்கொண்டிருந்தால் ஒரு நாற்காலி வாங்க மூன்று மாதம் ஆகும். அதனால் அரசு விதிகளிலேயே சுருக்கு வழி வைத்திருக்கிறார்கள். மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகள் வந்தபோது, 25,000 ரூபாய் வரை விலைப்புள்ளியே இல்லாமல், பொறுப்பு அதிகாரி சான்று எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தது. அதற்கு மேல் 2,50,000 வரை மூன்று பேர் கொண்ட உள்ளூர் கொள்முதல் குழு சந்தையில் விசாரித்து வாங்கலாம். பிறகு அறிவியல் ஆராய்ச்சி நிறுவனங்கள் போன்றவற்றுக்கு இந்த வரம்புகளை ஏற்றிக் கொடுத்தார்கள். மாநிலத் துறை, உள்ளாட்சி, பள்ளி, கல்லூரி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரம்பு. உங்கள் ஊர் அலுவலகத்தில் எது என்று கணக்குப் பிரிவில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

இந்த வழியில் நுழைவுச் செலவு கிட்டத்தட்ட இல்லை. லெட்டர்ஹெட், ஜிஎஸ்டி எண், வங்கி விவரம் இருந்தால் போதும். கையெழுத்துப் போடுபவரை நேரில் பார்க்கலாம். சரக்கு இறங்கிய அன்றே குறை இருந்தால் அங்கேயே சரி செய்து கொடுத்துவிடலாம். பத்து, இருபது மைலுக்குள் என்றால் வண்டி வாடகையும் கையை மீறாது.

மறைந்திருக்கும் செலவு நேரம்தான். விலைப்புள்ளி கொடுக்க ஒரு நடை, அளவெடுக்க ஒரு நடை, சப்ளை ஆர்டர் வாங்க ஒரு நடை, பில்லுக்கு மூன்று நடை. 30,000 ரூபாய் ஆர்டருக்கு ஆறு நடை நடந்தால், பட்டறையில் நீங்கள் இல்லாத ஆறு அரை நாளுக்கும் விலை போட்டுப் பாருங்கள். அதோடு வாய்மொழி ஆர்டருக்குச் சரக்கு போடும் பழக்கமும் இந்த வழியில்தான் ஒட்டிக்கொள்கிறது. "நீங்க கொண்டு வந்து இறக்குங்க, ஆர்டர் பின்னாடியே வரும்" என்று நல்ல மனதோடுதான் சொல்வார்கள். அந்த நல்லவர் மாறுதலாகிப் போய்விட்டால், புதிதாக வந்தவர் கேட்பது காகிதத்தை மட்டும்தான். எழுத்தில் ஆர்டர் இல்லாமல் ஒரு நட்டு போல்ட்டைக்கூட இறக்காதீர்கள்.

பிற நிறுவனங்களின் லெட்டர்ஹெட்டில் இரண்டு கொட்டேஷன் சேர்த்துக் கொடுக்கச் சொல்லும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தணிக்கையில் மூன்றும் ஒரே கைவேலை என்று தெரிந்தால் மாட்டுவது நீங்கள்தான். முடியாது என்று சொல்லிவிடுங்கள். அந்த ஆர்டர் போனால் போகட்டும்.

மாதம் ஒன்றிரண்டு சின்ன ஆர்டர் போதும், முதல் போட்டு நடத்தப் பெரிய தொகை இல்லை என்பவருக்கு இதுதான் சரியான தொடக்கம். ஊருக்கு வெளியே போக விரும்பும் நாளில் இந்த வழி முட்டிக்கொண்டு நிற்கும்.

## வழி 2: ஜெம் நேரடிக் கொள்முதல்

அரசு மின்சந்தையான ஜெம் 2016 ஆகஸ்டில் வந்தது. மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும், பொதுவான பொருளும் சேவையும் அதில் கிடைத்தால், அதில்தான் வாங்க வேண்டும். சின்னத் தொகைக்கு வாங்கும் அதிகாரி, தரமும் டெலிவரி நாளும் பொருந்தும் எந்த விற்பனையாளரிடமும் நேரடியாக ஆர்டர் போடலாம். அடுத்த படியில், குறைந்தது மூன்று வெவ்வேறு உற்பத்தியாளர்களின் பொருளை ஒப்பிட்டு, விலை குறைந்தவருக்கு, அதாவது எல்1-க்குக் கொடுக்க வேண்டும். அதற்கும் மேலே போனால் பிட், அதாவது தளத்திலேயே பலரிடம் விலை கேட்கும் போட்டி, கட்டாயம். 2019 திருத்தத்தில் இந்த எல்லைகள் 25,000 ரூபாயும் 5 லட்சமுமாக இருந்தன, பின்னர் உயர்ந்திருக்கின்றன. உங்கள் பொருளைப் பட்டியலிடும் நாளில் தளத்தில் காட்டும் வரம்பையே கணக்கில் எடுங்கள்.

இந்த வழியின் பெரிய பலம் நாள் கணக்கு எழுத்தில் இருப்பது. சரக்கு போய்ச் சேர்ந்த 48 மணி நேரத்தில் தற்காலிகப் பெறுகைச் சான்று, பத்து நாளுக்குள் பரிசோதித்து ஏற்புச் சான்று, அதிலிருந்து பத்து நாளுக்குள் பணம். நடப்பில் எல்லா அலுவலகமும் இதைக் காப்பாற்றுவதில்லை. ஆனாலும் எந்தப் படியில், யாரிடம் நிற்கிறது என்று உங்கள் திரையிலேயே தெரியும். கொட்டேஷன் வழியில் "பில் எங்கே இருக்கு?" என்று நான்கு மேசை ஏறி இறங்கினாலும் தெரியாத விஷயம் இது. ஜெம்முக்காக நான் வாதாடுவது முதலில் இதற்காகத்தான்.

2024 ஆகஸ்டிலிருந்து 10 லட்சம் ரூபாய் வரையான ஆர்டருக்குப் பரிவர்த்தனைக் கட்டணமும் கிடையாது. அதற்கு மேல் 10 கோடி வரை 0.30 விழுக்காடு.

பட்டியலில் நீங்கள் போடும் விலை வரி, வண்டி, இறக்குகூலி எல்லாம் அடங்கிய விலை என்பதைப் புதியவர்கள் பார்க்கத் தவறுகிறார்கள். செங்கல்பட்டில் பட்டறை வைத்துக்கொண்டு, டெலிவரி இடங்களில் இந்தியா முழுவதையும் டிக் செய்துவிட்டால், ஒருநாள் அசாமிலிருந்து இரண்டு ரேக்குக்கு ஆர்டர் வரும். வண்டி வாடகை ரேக் விலையைவிட அதிகமாக இருக்கும். போடாமல் விட்டால் உங்கள் பெயரில் புகார் ஏறும், மதிப்பெண் குறையும், தொடர்ந்தால் கணக்கையே நிறுத்திவைப்பார்கள். தாமதமானால் வாரத்துக்கு அரை விழுக்காடு வீதம், அதிகபட்சம் 10 விழுக்காடு வரை பிடித்தம். ஆகவே முதல் வருடம் உங்களால் சொந்த வண்டியில் போய் வர முடிந்த மாவட்டங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். கையிருப்பு எண்ணிக்கையை வாரம் ஒருமுறை திருத்துங்கள். தகடு விலை ஏறிய அன்றே பட்டியல் விலையையும் மாற்றுங்கள். பழைய விலையில் ஆர்டர் விழுந்துவிட்டால் பழைய விலைக்குத்தான் கொடுத்தாக வேண்டும்.

வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கும் இந்த வழி ஒத்துவரும். ஆனால் உற்பத்தியாளரே அதே பொருளைப் பட்டியலிட்டிருந்தால் விலையில் அவரை முந்த முடியாது.

## வழி 3: ஜெம் பிட்டும் ரிவர்ஸ் ஏலமும்

தொகை வரம்பைத் தாண்டினால் பிட். சில பிட்டுகளில் விலை திறந்த பிறகு ரிவர்ஸ் ஏலம் வைப்பார்கள், அங்கே விலையைக் கீழே கீழே இறக்க வேண்டும். அந்த நேரத்தில் மனது எப்படி வேலை செய்யும் என்பதை உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். திரையில் உங்கள் விலைக்குக் கீழே 500 ரூபாய் குறைத்து யாரோ போடுகிறார். நீங்கள் 700 குறைக்கிறீர்கள். நேரம் முடியப் போகும்போது இன்னொருவர் குறைக்க, ஏலம் நீள்கிறது. நான் இப்போதெல்லாம் ஏலத்துக்கு உட்காரும் முன் ஒரு வெள்ளைத் தாளில் அடிமட்ட விலையைப் பெரிதாக எழுதி, என் மனைவியிடம் கொடுத்துவிடுகிறேன். அந்த எண் வந்ததும் அவர் கணினியை அணைத்துவிடுவார். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. கணினியை யார் அணைப்பது என்று ஏலத்துக்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டும்.

குறு, சிறு நிறுவனங்களுக்கு இங்கே ஒரு நல்ல பிடிமானம் இருக்கிறது. 2012-ல் வந்த பொதுக் கொள்முதல் கொள்கை ஆணைப்படி, மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 25 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதில் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 4, பெண் தொழில்முனைவோருக்கு 3 விழுக்காடு உள்ளடக்கம். எல்1 பெரிய நிறுவனமாக இருந்து, உங்கள் விலை அதைவிட 15 விழுக்காட்டுக்குள் இருந்தால், எல்1 விலைக்கே கொடுக்கச் சம்மதித்து ஆர்டரில் 25 விழுக்காடு அளவை நீங்கள் பெறலாம். பிரிக்க முடியாத ஆர்டராக இருந்தால் முழுவதையும் உங்களுக்கே கொடுக்கவும் இடமுண்டு. விலை கொடுக்கும்போதே கட்டும் முன்வைப்புத் தொகையிலிருந்தும் விலக்கு.

ஆனால் இந்தச் சலுகை நீங்களே செய்யும் பொருளுக்கும் நீங்களே தரும் சேவைக்கும்தான். வாங்கி விற்பவருக்கு உதயம் சான்றிதழ் இருந்தாலும் இது கிடையாது. பிட்டில் "குறு, சிறு நிறுவனம்" என்று டிக் செய்துவிட்டு, உதயம் சான்றில் வியாபாரம் என்று இருந்தால் டெக்னிக்கல் சுற்றிலேயே வெளியே போவீர்கள். எல்1 விலைக்கு இறங்கச் சம்மதிக்கும் முன் நிதானமும் வேண்டும். பெரிய கம்பெனி தகடை டன் கணக்கில் வாங்குகிறது, அதன் விலையில் உங்களுக்கு அடக்கமே வராமல் போகலாம். சலுகை இருக்கிறது என்பதற்காக நஷ்டத்துக்கு ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

## வழி 4: திறந்த டெண்டர்

மாநிலத் துறைகள், கழகங்கள், வாரியங்கள் பெரிய தொகைக்கு இந்த வழியில்தான் வாங்குகின்றன. தமிழ்நாட்டில் இதற்கு 1998-ம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000-ம் ஆண்டு விதிகளும் இருக்கின்றன. 2 கோடி ரூபாய் வரையான டெண்டருக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேல் 30 நாளும் அவகாசம் தர வேண்டும்.

பதினைந்து நாள் என்பது முதல் தடவை போடுபவருக்குப் போதாது. டிஜிட்டல் கையொப்பம், மூன்று வருட வரவு செலவு அறிக்கை, ஆடிட்டர் சான்று, இதே மாதிரி சரக்கு போட்ட அனுபவச் சான்று, சில பொருளுக்கு ஆய்வகச் சோதனை அறிக்கை என்று பட்டியல் நீளும். இவற்றில் ஒரு பக்கம் குறைந்தாலும் விலைக் கவரைத் திறக்கவே மாட்டார்கள். டெண்டர் வழியில் போக ஆசை இருந்தால், எந்த டெண்டரும் பார்க்காத காலத்திலேயே இந்தக் கோப்பைத் தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

முன்வைப்புத் தொகை விலக்கு கிடைத்துவிட்டதும் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஜெயித்த பிறகு கட்ட வேண்டிய செயல்பாட்டுப் பிணைக்கு அந்த விலக்கு கிடையாது. டெண்டரைப் பொறுத்து ஒப்பந்த மதிப்பில் 3, 5, 10 விழுக்காடு என்று கேட்பார்கள். மத்திய விதிப்படி அந்தப் பிணை, உத்தரவாதக் காலம் உட்பட எல்லாக் கடமையும் முடிந்து 60 நாள் வரை செல்லுபடியாக வேண்டும். 20 லட்சம் ஆர்டர், 5 விழுக்காடு பிணை, ஒரு வருட உத்தரவாதம் என்றால், சரக்கு கொடுத்த பிறகும் 1,00,000 ரூபாய் பதினான்கு மாதம் நகராது. பேங்க் கேரண்டியாகக் கொடுத்தாலும், சிறு கணக்குக்கு வங்கி அதே அளவுக்கு வைப்புநிதி கேட்கும், கமிஷனும் தனி.

மார்ச் மாதம் இன்னொரு கண்ணி. என் சொந்த அனுபவத்தையே சொல்கிறேன். சில வருடத்துக்கு முன் ஓர் அரசு அலுவலகத்துக்கு 22 ரேக்குகள், 3,10,000 ரூபாய் ஆர்டர். மார்ச் 24 மாலை நான்கு மணிக்கு இறக்கினோம். ஸ்டோர் பொறுப்பாளர் எண்ணிப் பார்த்து டெலிவரி சலானில் கையெழுத்தும் தேதியும் போட்டார். அலுவலக முத்திரை பீரோவுக்குள், சாவி விடுப்பில் போனவரிடம். "நாளைக்கு வந்து சீல் வாங்கிக்குங்க" என்றார், நானும் சரி என்று வந்துவிட்டேன். மறுநாள் பில்லைக் கொண்டு போனால், முத்திரை இல்லாத சலானைக் கணக்குப் பிரிவு வாங்கவில்லை. சாவி வந்தது 29-ம் தேதி. கருவூலத்துக்குப் பில் போவதற்குள் 31 முடிந்து, அந்த வருட ஒதுக்கீடு காலாவதியாகிவிட்டது. புது ஒதுக்கீடு வந்து பணம் கைக்கு வந்தபோது ஆகஸ்ட். ஒரு ரப்பர் ஸ்டாம்ப்புக்கு ஐந்து மாத வட்டி கட்டினேன். அன்றிலிருந்து, வழி எதுவானாலும், கையெழுத்து, தேதி, பதவி, முத்திரை நான்கும் விழாமல் எங்கள் வண்டி அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை.

மூன்று வருட விற்றுமுதல் காட்ட முடிந்தவர், வங்கியில் ஓடி வரம்பு வைத்திருப்பவர், நான்கு மாதம் பில் நின்றாலும் கூலி கொடுக்க முடிந்தவர், இவர்களுக்கு டெண்டர் நல்ல வழி. ஒரே பொருளை ஆயிரக்கணக்கில் செய்யும்போது அடக்கமும் இறங்கும்.

## வழி 5: பெரிய ஒப்பந்ததாரருக்குக் கீழே

டெண்டரை எடுத்தவர் ஒருவர், வேலை செய்து கொடுப்பவர் நீங்கள். பிணை இல்லை, டெண்டர் கோப்பு இல்லை. விலை குறைவாகத்தான் கிடைக்கும். "எங்களுக்கு கவர்மென்ட் பணம் வந்ததும் உங்களுக்கு" என்பார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2006-ம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) வளர்ச்சிச் சட்டத்தின் 15-வது பிரிவுப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். இதற்கு மேல் வருமான வரிச் சட்டத்தில் 2023-24 நிதியாண்டு முதல் 43பி(எச்) என்ற பிரிவு வந்திருக்கிறது. இந்தக் கெடுவைத் தாண்டிக் குறு, சிறு உற்பத்தியாளருக்குப் பாக்கி வைத்தால், பணத்தைக் கொடுக்கிற வருடத்தில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். அதனால் தனியார் ஒப்பந்ததாரர் மார்ச் மாதத்தில் உங்கள் பில்லைத் தேடித் தீர்ப்பார். வருமான வரி கட்டாத அரசு அலுவலகத்திடம் இந்தப் பிடி செல்லாது. உங்கள் பில்லில் உதயம் எண் அச்சிட்டிருக்கட்டும்.

இந்த வழியின் குறை ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது. அரசுக்குச் சரக்கு போட்ட அனுபவச் சான்று அவர் பெயரில் சேரும், உங்கள் பெயரில் சேராது. ஐந்து வருடம் கழித்து நீங்களே டெண்டர் போடப் போகும்போது வெறுங்கையோடு நிற்பீர்கள். அவரிடமிருந்து வருடத்துக்கு ஒருமுறை வேலை முடித்த கடிதமாவது வாங்கி வையுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | பணம் முடங்குவது | நுழைவுச் செலவு | விலை அழுத்தம் | சறுக்கினால் |
|---|---|---|---|---|
| உள்ளூர் கொட்டேஷன் | தொகை சிறிது, நாள் ஆளைப் பொறுத்தது | மிகக் குறைவு, அலைச்சல் அதிகம் | மிதமானது | அந்த அலுவலகம் மட்டும் |
| ஜெம் நேரடி | நாள் கணக்கு எழுத்தில் உண்டு | பதிவு, பட்டியல் பராமரிப்பு | எல்1 ஒப்பீட்டில் கூடும் | மதிப்பெண், கணக்கு நிறுத்தம் |
| ஜெம் பிட் | நடுத்தரம், சில பிட்டுகளில் பிணை | ஆவணத் தயாரிப்பு | ஏலத்தில் கடுமை | பிணை, மதிப்பெண் |
| திறந்த டெண்டர் | நீண்டது, பிணை தனி | அதிகம் | அதிகம் | பிணை, தடைப் பட்டியல் |
| துணை ஒப்பந்தம் | ஒப்பந்ததாரரைப் பொறுத்தது | இல்லை | விலையை அவர் வைப்பார் | அந்த ஒரு வாடிக்கை |

## பணம் நின்றுவிட்டால்

வாங்கி விற்பவரைத் தவிர மற்றவர்களுக்கு, வழி எதுவானாலும் இந்தப் பகுதி உதவும். எம்எஸ்எம்இ சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது, சிறு தொழில்காரர் அதை மனப்பாடமே செய்யலாம். சரக்கு கொடுத்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், கொடுத்த நாளே ஏற்றுக்கொண்ட நாள். "இன்னும் இன்ஸ்பெக்‌ஷன் முடியவில்லை" என்று மூன்று மாதம் கழித்துச் சொன்னால் இந்த வரியைக் காட்டலாம். 45 நாளைத் தாண்டினால், ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டி. பாக்கித் தகராறைத் தீர்க்கும் வசதியாக்கக் குழுவுக்கு இணையத்தில் மனுக் கொடுக்கலாம்; இதற்காக 2017 அக்டோபரில் சமாதான் தளம் வந்தது. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் இந்தக் குழுக்கள் இருக்கின்றன. தீர்ப்பு உங்களுக்குச் சாதகமாக வந்த பிறகு எதிர்த்தரப்பு நீதிமன்றம் போக வேண்டுமானால் 75 விழுக்காட்டை முதலில் கட்ட வேண்டும்.

சட்டம் பலமானது. ஆனால் மனுக் கொடுத்தால் அடுத்த ஆர்டர் போய்விடுமே என்ற பயத்தில் பெரும்பாலோர் அதைத் தொடுவதில்லை. அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன், எனக்கும் இருந்தது. என் அனுபவத்தில் மனுவுக்கு முந்தைய கடிதமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. நாற்பதாவது நாள், மரியாதையான தமிழில், பில் எண், சலான் தேதி, 15-வது மற்றும் 16-வது பிரிவுகளைக் குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதம், பதிவுத் தபாலில். கோப்பில் அப்படியொரு கடிதம் சேர்ந்துவிட்டால், தணிக்கையில் வட்டிக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி எழும் என்பது அங்கே இருப்பவர்களுக்கும் தெரியும்.

உதயம் பதிவு ஆர்டருக்கு முன்பே இருக்க வேண்டும். சரக்கு போட்ட பிறகு பதிவு எடுத்தவர் பழைய பில்லுக்கு இந்தச் சட்டத்தைக் காட்ட முடியாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பதிவு இலவசம், இணையத்தில் அரை மணி நேர வேலை. பணம் கேட்கும் போலித் தளங்களில் சிக்காதீர்கள்.

பெரிய பொதுத்துறை நிறுவனத்துக்குச் சரக்கு போட்டால் டிரெட்ஸ் என்ற இணையத் தளத்தில் பில்லைச் சற்றுக் குறைந்த தொகைக்குக் கொடுத்து முன்பே பணம் எடுக்கலாம். வெளிவட்டியைவிட அது எவ்வளவோ மேல்.

## யாருக்கு எது

கையில் இரண்டு மூன்று லட்சம், ஆள் நான்கு பேர்: உள்ளூர் கொட்டேஷனும், பக்கத்து மாவட்டங்களுக்கு மட்டும் ஜெம் நேரடியும். எந்த நேரத்திலும் ஓர் ஆர்டருக்கு மேல் பில் பாக்கி நிற்க விடாதீர்கள்.

சொந்த உற்பத்தி, வங்கி வரம்பு பத்து லட்சத்துக்கு மேல்: ஜெம் பிட். 15 விழுக்காட்டுச் சலுகையை முழுதாகப் பயன்படுத்தக்கூடியவர் நீங்கள்தான்.

வாங்கி விற்பவர்: ஜெம் நேரடி. உங்களுக்கு முன்னுரிமையும் இல்லை, தாமத வட்டிச் சட்டமும் இல்லை. ஆகவே பணம் சீக்கிரம் தரும் அலுவலகங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், விலை சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை.

மூன்று வருடக் கணக்கு, அனுபவச் சான்று, நான்கு மாதம் தாங்கும் முதல்: டெண்டர். முதல் டெண்டர் உங்கள் வருட விற்பனையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம்.

தையல் யூனிட் வைத்திருக்கும் ஒரு சகோதரி போன வருடம் இதே கேள்வியோடு வந்தார். ஆறு மெஷின், மகளிர் குழுக் கடன், எதிரே ஒரு பெரிய சீருடை டெண்டர் அறிவிப்பு. மேலே போட்ட கணக்கை அவருடைய துணி விலையில் போட்டுப் பார்த்தோம். பில் மூன்றாவது மாதம் வந்தால் லாபம், ஐந்தாவது மாதம் வந்தால் குழுக் கடன் தவணை தவறும் என்று வந்தது. அந்த டெண்டரை விட்டுவிட்டு, ஜெம்மில் மேசை விரிப்பும் திரைச்சீலையும் பட்டியலிட்டார், மூன்று மாவட்டத்துக்கு மட்டும். முதல் ஆர்டர் 14,000 ரூபாய். டெலிவரிக்குப் போகும்போது சலானைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பக்கத்தில் ஒரு பேனாவும் எடுத்துப் போனார். பணம் இருபத்தாறாவது நாள் வந்தது.